ஒன்பதாம் நம்பர் செருப்பு

அன்று மழை பெய்ததா என்பதில் இன்றுவரை ஒரு முடிவு இல்லை. கொட்டித் தீர்த்தது என்பாள் அவள். வெறும் தூறல் என்பார் அவர். இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டதைத்தான் சொல்கிறேன். எது சரி என்று எனக்கும் தெரியாது. அவள் குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் வரி அலுவலகக் கவுண்டரில் இருந்த அவர் காகிதங்களை நனைத்தது என்பதை மட்டும் இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். "இது தெளிவா... இல்ல, இதுவா?" என்று கேட்டபடி நாள் முழுக்க அடுத்தவர் கண்களுக்குள் பார்ப்பாள். சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்தால், அவளைப் பார்க்க ஒரு ஜோடிக் கண் கிடையாது. அப்பா அவள் பேருக்கு எழுதிவைத்துவிட்டுப் போன மாடி வீடு. கீழே அவள். மேலே யாரும் இல்லை.

அந்த வீட்டுக்குத்தான் சொத்து வரி ஏறியிருந்தது. மாடியை வாடகைக்கு விட்டிருப்பதாக நோட்டீஸ் சொன்னது. கடைச் சம்பளத்தில் கட்டக்கூடிய தொகையே இல்லை. மேல்முறையீட்டு மனுவோடு வந்திருந்தாள்.

"எனக்கே தெரியாம என் வீட்டுல ஒரு ஆளைக் குடி வெச்சிருக்கீங்களே... யாருங்க அவரு?"

கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நிமிர்ந்தார். வீடு வீடாகப் போய் அளந்து வருபவர். அலுவலகத்தில் 'டேப்பு' என்று சொன்னால்தான் தெரியும். நாற்பதை நெருங்கும் முகம். கண்கள் மட்டும்... எங்கேயும் போய்ச் சேர அவசரமில்லாத கண்கள். இவ்வளவு நிதானமாகப் பார்க்கும் கண்களை அவள் கடையில்கூடப் பார்த்ததில்லை.

"நான் சாயங்காலம் வந்தப்ப வீடு பூட்டியிருந்துச்சு மேடம். வெளியிலேர்ந்துதான் அளந்தேன். வாசல்ல ஆம்பளச் செருப்பு. மாடிக் கொடியில ஆம்பளச் சட்டை. மேல லைட்டு எரியுது. நான் வேற என்னன்னு எழுதறது?"

அவள் கையிலிருந்த மனுவைச் சுருட்டினாள். பிரித்தாள்.

"யாரோட செருப்புன்னு சொல்லிட்டீங்கன்னா இங்கயே முடிஞ்சுடும். வீட்டுக்காரரா? அண்ணனா?"

"அது உங்களுக்கு எதுக்கு?"

"எனக்கு ஒண்ணுக்கும் வேணாம். ஃபாரத்துக்குத்தான் வேணும்."

"கோளாறு உங்க கண்ணுலதான். எங்க கடைக்கு வாங்க... பவர் பாத்து அனுப்பறேன்!"

"ஃப்ரீயாவா?"

முறைத்தபடி மனுவைக் கவுண்டரில் வைத்துவிட்டு விடுவிடுவென்று நடந்தாள். பாதித் தெரு நனைந்தபடி போன பிறகுதான் குடை நினைவுக்கு வந்தது. திரும்பிப் போக மானம் இடம் கொடுக்கவில்லை.

என்னவென்று சொல்லியிருப்பாள்? அப்பா போன பிறகு யாரோ ஒருவன் தினமும் வாசலில் நின்று வீட்டைப் பார்த்துவிட்டுப் போனான். பயந்துபோய் அந்தச் செருப்பை வாங்கினாள். ஒன்பதாம் நம்பர். தினமும் கொஞ்சம் நகர்த்தி வைப்பாள். அப்பாவின் சட்டை ஒன்றை அடிக்கடி அலசிக் காயப் போடுவாள். பொழுது சாய்ந்தால் தானாக எரியும் விளக்கு ஒன்றை மாடியில் மாட்டினாள். நின்றவன் பிறகு வரவே இல்லை. ஆனால் அவளால் செருப்பை எடுக்க முடியவில்லை. தெருமுனையில் திரும்பும்போது மாடியில் வெளிச்சம் தெரியும். ஒரு நொடி... ஒரே ஒரு நொடி... யாரோ காத்திருப்பது போல இருக்கும்.

மனு மீதான விசாரணைக்குத் தேதி வந்த அன்று, அண்ணன் ஃபோனில் எப்போதும் போல ஆரம்பித்தார். "வித்துத் தொலைச்சுட்டு எங்க கூட வந்துடேன் பாப்பா. பின்னாடி ரூம் சும்மாத்தான கெடக்கு? உங்க அண்ணியும் கேட்டுட்டே இருக்கா."

அந்த அறை அவளுக்குத் தெரியும். இஸ்திரிப் பலகை, டயர் இல்லாத சைக்கிள், அதற்கப்புறம் அவள்.

"விசாரணைக்கு நானும் வரேன். வரி குறையலன்னா வீட்ட வித்துடறோம். சரியா?"

வரி குறைய வேண்டுமானால் செருப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணன் எதிரிலேயே சொன்னால், தனியா இருக்க பயந்து செத்திருக்கே, கெளம்பு என்பார். எந்தப் பக்கம் போனாலும் வீடு போகும் போலிருந்தது.

விசாரணைக்கு முன்பு மறு ஆய்வுக்கு டேப்பு வந்தார். கையில் அவள் குடை. அழகாக மடித்து, காய்ந்து.

தன் செருப்பை அந்தச் செருப்புக்குப் பக்கத்தில் கழற்றும்போது அவர் கால் பட்டு, ஒன்பதாம் நம்பர் ஒன்று புரண்டு விழுந்தது. குனிந்து நேராக்கினார். அடிப்பாகத்தைப் பார்த்தார். மாடிப்படி ஏறினார்.

மாடி அறையில் ஒரு நாற்காலி மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுவரிலிருந்து சுவருக்கு அளந்தார். ஏற்கெனவே அளந்த சுவரை மறுபடியும் அளந்தார். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார்.

"மேடம்... அடியில விலைச் சீட்டு இன்னும் ஒட்டிட்டிருக்கு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணீர் பொங்கியது.

"நான் வேலைக்குக் கெளம்பறப்ப ரேடியோவ நிறுத்த மாட்டேங்க," என்றார் அவர், நாற்காலியிடம் சொல்வதுபோல. "திரும்பி வந்து கதவத் தொறந்தா... உள்ள யாரோ பேசிட்டிருப்பாங்க."

அவள் மெல்லத் திரும்பினாள். இந்த ஆளிடம் போய்ச் சண்டை போட்டோமே...

"விசாரணையில சொல்லிடுங்க. ஒரு நிமிஷ வேலை."

"அண்ணன் இருப்பாரு."

அவர் யோசித்தார். "அப்போ நான் சொல்லிக்கறேன். வீடு மாத்திப் பாத்துட்டேன்னு."

"பொய்யா?"

"திட்டுவாங்க. எனக்கு அதெல்லாம் பழக்கம்தான்."

விசாரணை அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த தலைவி அம்மாவின் கண்ணாடி மூக்கு நுனிக்கு வழுக்கிக்கொண்டே இருந்தது. அண்ணன் கடைசி வரிசையில் கை கட்டியிருந்தார். டேப்பு எழுந்தார்.

"தப்பு என்னோடதுதான் மேடம். பக்கத்து வீட்டுச் செருப்பப் பாத்துட்டு..."

"என்னய்யா இது? இத்தனை வருஷ சர்வீஸ்ல பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் வித்தியாசம் தெரியாதா? மேல எழுதி அனுப்பட்டுமா?"

அவர் தலை குனிந்தது. அந்தக் கண்கள் யாரோ ஒருத்திக்காகத் தரையைப் பார்த்ததை அவளால் தாங்க முடியவில்லை.

"அவர் சரியாத்தான் பாத்தாரு." தன் குரல்தானா? "செருப்ப நான்தான் வாங்கி வெச்சேன். சட்டை எங்கப்பாவோடது. வீட்டுல வேற யாரும் இல்லைங்க. நான் மட்டும்தான்."

தலைவி அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வேறு எதுவும் கேட்கவில்லை.

வெளியே வராந்தாவில் அண்ணன் அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றார்.

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னா வித்துடுன்னு சொல்வீங்க. பயமாத்தான் இருக்குண்ணா. இருந்தாலும் அது என் வீடு."

அண்ணன் சட்டைப்பையில் வண்டிச் சாவியைத் தேடினார். பிறகு, "கதவுக்கு நல்ல தாழ்ப்பாளா ஒண்ணு வாங்கிட்டு வரேன்," என்றார். அவ்வளவுதான்.

அந்த வாரமே, கடை மூடும் நேரத்தில் டேப்பு வந்தார். இருட்டறையில் எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார்ந்து, கடைசி வரியின் பொடி எழுத்துவரை தடுக்காமல் படித்தார்.

"கண்ணு நல்லாத்தான இருக்கு. எதுக்கு வந்தீங்க?"

"கூப்பிட்டீங்களே... ஃப்ரீன்னு."

"ஃப்ரீன்னு நான் எப்ப சொன்னேன்?"

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கியது. அவர் முகத்துக்கு முன்னால் இருந்த பரிசோதனைக் கருவியை அவள் நகர்த்தவில்லை. அவரும் எழவில்லை. கண்ணாடி வில்லைகளுக்குப் பின்னால் அந்தக் கண்கள்... அவ்வளவு பக்கத்தில்... அவளை மட்டும் பார்த்தன.

"இப்பல்லாம் ரேடியோ போத மாட்டேங்குதுங்க," என்றார் மெதுவாக. "உங்க குரல் கேட்டா நல்லா இருக்கும்னு தோணுது."

அவள் ஒரு வில்லையை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள். அது அவரைப் பயமுறுத்தியதோ என்னவோ, அவரே உளறினார். "ஆனா நான் எட்டாம் நம்பர். அந்தச் செருப்பு எனக்குப் பெரிசா இருக்கும்..."

"அத யாரு உங்களப் போடச் சொன்னது?" குரல் உடைந்து சிரிப்பாக வந்தது. "உங்களோடதையே வந்து கழட்டி விடுங்க."

வரி பழைய அளவுக்கே இறங்கியது. தலைவி அம்மா அவள் கடையில் மூக்கில் நிற்கும் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொண்டார். அண்ணனுக்கு ஒன்பதாம் நம்பர் கச்சிதமாகப் பொருந்தியதால் அவரே போட்டுக்கொண்டு போய்விட்டார். பின்னறையில் இன்னமும் சைக்கிள்தான் இருக்கிறது. இனி அது தன் தெருவும் என்பதால், டேப்பு அதை வேறொரு அளவாளருக்கு மாற்றிக் கொடுத்தார். தானாக எரியும் விளக்கைக் கழற்றிவிட்டார்கள். இப்போது சாயங்காலத்தில் யார் முதலில் வீடு வந்து சேர்கிறார்களோ, அவர்கள் மேலே போய் விளக்கைப் போடுகிறார்கள்.