கேட்காத காதுகளைப் படைத்தவர்

காலை ஜெபம் முடிந்து எழுந்திருக்கும்போதே மாமியார் ஆரம்பித்துவிட்டாள்.

"வானம் பூமி எல்லாத்தையும் படைச்சவர் கிறிஸ்து. அவர் கை தப்பாது. தப்பு எங்க நடந்துச்சுன்னு அவங்கவங்களுக்குத்தான் தெரியும்…"

மருமகள் தன் ஏழு வயது மகள் சிட்டுவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பிறவியிலேயே காது கேட்காத பிள்ளை. 'வயித்துல இருக்கும்போது கண்ட மாத்திரையை முழுங்கினா' என்பது மாமியாரின் தீர்ப்பு. தேவாலயத்தில் ஞாயிறு வகுப்பு எடுக்கும் மாமியார் சொன்னதைச் சபையே நம்பியது. பஸ் ஓட்டும் கணவனும், "அம்மா பொய் சொல்வாங்களா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்.

அன்று சிட்டுவைக் காது கேளாதோர் பள்ளியில் சேர்க்க வேண்டும். கணவனுக்கு லீவு கிடைக்காததால் மாமியார் முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தாள்.

பள்ளி நர்ஸ் படிவத்தை நிரப்பிக்கொண்டே கேட்டாள்: "நீங்க மாசமா இருந்த ஆரம்பத்துல, வீட்ல யாருக்காவது சிவப்புப் புள்ளியோட காய்ச்சல் வந்துச்சாம்மா? அது தாய்க்கு ஒட்டிக்கிட்டா பிள்ளைக்குக் காது போயிடலாம்."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஞாபகம் இல்லைங்க."

மாமியாரின் முகம் வெளுத்துப்போனது.

"எனக்கு வந்துச்சு," என்றாள் மெல்ல. "பத்து நாள். நான் பெத்த பொண்ணுகூட வாசல்லயே நின்னுட்டுப் போயிட்டா. இவதான் உடம்பு துடைச்சு, சோறு ஊட்டி… அப்ப இவளுக்கு ரெண்டு மாசம்."

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள்.

வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் மாமியார் மருமகளின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"சிட்டு பிறந்தப்பவே டாக்டர் சொல்லிட்டாங்க அத்தை."

"ஏண்டி சொல்லல? நான் பேசின பேச்சையெல்லாம் கேட்டுக்கிட்டு…"

"சொன்னா நீங்க உடைஞ்சு போயிருப்பீங்க. இவ முகத்தைப் பாக்கவே கூசியிருப்பீங்க. இவளுக்கு அப்பாயி இல்லாம போயிருக்கும்."

"அவர் குறையோட படைக்கமாட்டார்னு சொன்னேனே… அவர் பேரைச் சொல்லியே உன்னைக் குத்தினேனே…"

"நட்சத்திரத்தைப் படைச்சவர்தான் இவளையும் படைச்சார் அத்தை. அதை நம்பித்தான் காலத்தை ஓட்டினேன். நம்ப முடியாத நாளும் இருந்துச்சு. அன்னிக்கெல்லாம் அவரோடவே சண்டை போட்டேன்."

மாமியார் சுவரில் சாய்ந்தாள். "அவர்கிட்ட அழுது கேட்டா மன்னிச்சிடுவார். நீ?"

'பரவாயில்லை அத்தை' என்று சொல்லத்தான் மருமகள் நினைத்தாள். ஏழு வருஷமாக உள்ளேயே அடக்கி வைத்திருந்த அழுகைதான் வந்தது. மாமியார் அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"அழு. இன்னிக்கு உன் புருஷன் வந்ததும் நானே சொல்றேன். ஞாயித்துக்கிழமை சபையிலயும் எழுந்து நின்னு சொல்றேன்."

என்ன நடக்கிறதென்று புரியாமல் சிட்டு இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இருவருக்கும் நடுவில் புகுந்துகொண்டாள்.