ஆணி அடித்த பெட்டி

பாட்டு முடிந்த பிறகும் ஒரு குரல் மட்டும் பாடிக்கொண்டிருந்தது. ஒரு மூச்சு நேரம்தான். பாதிரியார் புத்தகத்தை மூடிவிட்டார், காவலர்கள் எழுந்துவிட்டார்கள். நேட் பில்பீமின் இடது தோளுக்குப் பக்கத்தில், பலகைக்கு அந்தப்புறம், யாரோ கடைசி வரியை இழுத்துக்கொண்டு போய் அவசரமில்லாமல் நிறுத்தினார்கள். இடப்பக்கத்துப் பெட்டியில் ஆள் கிடையாது. அதன் கதவின் குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்திருந்ததை, உள்ளே வரும்போதெல்லாம் முகமூடியின் ஓட்டைகள் வழியே அவன் பார்த்திருக்கிறான்.

ஆங்கிலேயர்கள் கைதிகளைக் கப்பலேற்றி அனுப்பிய, ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கேயுள்ள வான் டீமன் தீவின் அந்த மௌனச் சிறையில் வாயைத் திறக்கக் கிடைத்த ஒரே இடம் தேவாலயம். மற்ற நேரமெல்லாம் பேச்சு குற்றம், இருமினால் சந்தேகம், சிரித்தால் இருட்டறை. கைதிக்குப் பெயர் கிடையாது, எண்தான். அறையை விட்டு வெளியே வந்தால் முகத்தை மூடும் துணித் தொப்பி. காவலர்கள் கம்பளிச் செருப்பில் நடந்ததால் அவர்கள் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. தேவாலயத்திலும் ஆளுக்கொரு மரப்பெட்டி, நிற்க மட்டும் இடம்; எதிரே பாதிரியாரின் முகம், இரண்டு பக்கமும் பலகை. கடவுளைப் பாடாமல் இருக்க முடியாது என்பதால் பாட மட்டும் அனுமதித்தார்கள்.

நேட் இப்படியொரு இடத்துக்குப் பொருத்தமான ஆளே இல்லை. லண்டன் தெருக்களில் கனவான்களின் சட்டைப்பையிலிருந்து பட்டுக் கைக்குட்டை உருவியவன். ஒரு கைக்குட்டைக்கு ஏழு வருஷம் கடல் தாண்டிய தண்டனை என்று நீதிபதி சொன்னபோது, முன்னமே சொல்லியிருந்தால் இரண்டாக எடுத்திருப்பேனே என்றவன். இந்தத் தீவுக்கு வந்தும் கல்லுடைக்கும் இடத்தில் மேஸ்திரியின் மூக்கைப் பற்றிப் பாட்டுக் கட்டி, மொத்தக் கூட்டத்தையும் பாட வைத்தான். அதற்குத்தான் மௌனச் சிறை. தினமும் காலையில் கஞ்சி வருவதற்கு முன் சுவரைப் பார்த்து, உதடு அசையாமல், தன் முழுப்பெயரையும் சொல்லிக்கொள்வான். அவனிடம் மிச்சமிருந்த சொத்து அது ஒன்றுதான்.

அந்தச் சொத்துக்குக் காவல் இருக்க வேண்டிய காரணமும் இருந்தது. மௌனச் சிறையில் தன் காலம் முடிந்தவனை வெளிவாசலில் நிறுத்தித் தலைமைக் காவலர் சைலஸ் மட்ஜ் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: உன் பெயர் என்ன? சொன்னவன் மற்ற கைதிகளோடு வேலைக்குப் போகலாம், வெயிலில் நிற்கலாம், வாய்விட்டுத் திட்டலாம். சொல்லத் தெரியாமல் விழித்தவனை மேட்டின் மேலிருந்த பைத்தியக்கார விடுதியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். கொஞ்ச காலமாக நிறையப் பேர் விழித்தார்கள். நேட்டின் முறை மாதக் கடைசியில் வரவிருந்தது.

வலப்பக்கத்துப் பெட்டியில் நின்றவர் ஃபின்டன், ஆடு திருடிய அயர்லாந்துக்காரர், நேட்டைவிட மூத்தவர். முகமூடியோடு உள்ளே வரும்போது அவர் கையில் பச்சை குத்திய ஆட்டுத்தலை மட்டும் தெரியும். ராகத்தை அப்படியே வைத்துக்கொண்டு வார்த்தையை மட்டும் மாற்றி இருவரும் பாட்டுக்குள்ளேயே பேசிக்கொள்வார்கள். பாதிரியாருக்குக் காது மந்தம். அடுத்த ஞாயிறு நேட் அந்த இடப்பக்கத்துக் குரலைப் பற்றி ராகத்தோடு கேட்டான். ஃபின்டன் ஒரு சரணம் முழுக்க ஒழுங்காகக் கடவுளையே பாடினார். அது அவருடைய வழக்கமில்லை. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அது பேரு கேக்கும், தம்பி. அன்பாத்தான் கேக்கும். குடுத்துடாத."

"குடுத்தா என்ன?"

"மேட்டுல கெடக்கானுங்களே, அவனுங்கள்லாம் குடுத்தவனுங்க."

அன்றைக்கே கேட்டது. கடைசிப் பாட்டு, எல்லாத் தொண்டைகளும் வாரம் முழுக்க அடைத்துவைத்ததைக் கொட்டித் தீர்க்கிற பாட்டு. அந்த இரைச்சலுக்கு நடுவே இடப்பக்கத்துப் பலகையின் இடுக்கிலிருந்து மூடிக்கிடந்த மரத்தின் ஈரவாடையும், நனைந்து காயாத கம்பளியின் புளிப்பும் மெல்லக் கசிந்து வர, அவற்றோடு சேர்ந்து ஒரு வெதுவெதுப்பான மூச்சு அவன் காதைத் தொட்டது.

"உம் பேரு என்ன, கண்ணு?"

நேட்டிடம் யாரும் அதைக் கேட்டு எத்தனை காலமாகிவிட்டது. பெயர் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. அப்போதுதான், பைக்குள் அன்னியக் கை நுழைகிற அந்தக் கூச்சம் அவனுக்குத் தெரிந்தது. ஊரார் பையிலெல்லாம் கைவைத்தவனிடமே கைவைக்கப் பார்க்கிறாயா என்று கோபம் பொங்கியது. பிடிபட்டால் பொய்ப்பெயர் சொல்வது அவன் தொழிலின் பாலபாடம்.

"சைலஸ் மட்ஜ்," என்று ராகம் பிசகாமல் பாடினான்.

பலகைக்கு அந்தப்புறம் அந்தப் பெயர் நிதானமாகச் சப்புக்கொட்டப்பட்டது. பிறகு ஒன்றுமில்லை. அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் முகமூடிக்குள் நேட் சிரித்துக்கொண்டே போனான். அந்த வாரத்தில் யாரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்க முடியாது.

மறுநாள் மட்ஜ் சுற்றி வந்தார். வழக்கமாக அவருக்கு முன்னால் புகையிலை வாடை வரும். அன்று வரவில்லை. கதவின் பார்வைத் துளையில் ஒரு கண் வந்து பொருந்தியது. இமைக்கவில்லை. துளை வழியே உள்ளே வந்தது மூடிக்கிடந்த மரத்தின் வாடை.

அடுத்த ஞாயிறு இடப்பக்கத்துப் பெட்டி திறந்து கிடந்தது. பலகை தரையில். ஆணிகள் உள்ளிருந்து தள்ளப்பட்டு வளைந்திருந்தன. உள்ளே யாரும் இல்லை.

நேட்டுக்கு அப்போது உறைத்தது: மட்ஜின் பெயரோடு மட்ஜின் உடம்பும் அதற்குப் போய்விட்டது. பூட்டிய வீட்டுக்கு வெளியே தவித்துக்கொண்டிருந்தவன் கையில் சாவிக்கொத்தையே கொடுத்திருக்கிறான். தன் கெட்டிக்காரத்தனத்தை நினைக்க அவனுக்கு அழுகை வந்தது. அன்று முதல் அறைக் கதவுகளில் கஞ்சி கொடுக்கும் துவாரங்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் கேட்டது. அறைக்கு அறை, அதே தாழ்ந்த குரல், அதே 'கண்ணு'. ஆட்கள் பதில் சொன்னார்கள். பெயரையே கேட்காத இடத்தில் ஒருவர் பெயரைக் கேட்டால் யார்தான் சொல்லாமல் இருப்பார்கள்? சிலர் அழுதுகொண்டே சொன்னார்கள். அடுத்த ஞாயிறு வலப்பக்கத்துப் பெட்டியிலிருந்து ராகம் மட்டும் வந்தது, வார்த்தை வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு ராகமும் வரவில்லை.

அவன் துவாரத்துக்கும் தினமும் வந்தது. கேட்டது. நேட் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான். இன்னொரு பொய்ப்பெயர் சொல்லவும் துணியவில்லை. அந்தப் பெயருக்கும் எங்கேயோ ஒரு சொந்தக்காரன் இருப்பான். பேசாதே பேசாதே என்று அடித்துப் பழக்கினீர்களே, இப்போது பாருங்கள் என்று மனதுக்குள் கறுவினான்.

மாதக் கடைசி வந்தது.

வெளிவாசல். இரண்டு சிப்பாய்கள். கம்பிகளுக்கு அப்பால் கடலின் வெளிச்சம், கண்ணைக் கூசவைக்கும் உண்மையான வெளிச்சம். நடுவே மட்ஜ். சட்டைப் பொத்தான் எல்லாம் சரியாக இருந்தது. முகம் மட்டும் அளவு தவறித் தைத்தது போல் தொங்கியது.

"உம் பேரு என்ன, கண்ணு?"

சிப்பாய்கள் எதையும் கவனிக்கவில்லை. சொன்னால் பெயர் போகும். சொல்லாவிட்டால் மேடு. நேட் கடலைப் பார்த்தான். ஆசை தீர ஒருமுறை பார்த்தான்.

"உனக்கா? தரமாட்டேன். எங்கிட்ட திருடணும்னா இன்னும் நல்லா தொழில் கத்துக்கிட்டு வா."

சிப்பாய்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மட்ஜின் வாய் திறந்தபடியே இருந்தது. நேட்டைப் பிடித்து மேட்டுக்கு நடத்தினார்கள்.

போகிற வழியில் முகமூடி இல்லை. காற்றில் கடற்பாசி வாடை. தோற்றது அவன் இல்லை, அது. பெயர் பத்திரமாக அவனிடமே இருந்தது. காலில் விலங்கு இழுபட, நேட் வாய்விட்டுச் சிரித்தான்.

விடுதியின் கூடம் நீளமாக இருந்தது. இரண்டு பக்கமும் பெஞ்சுகள். பெஞ்சு நிறைய ஆட்கள், முழங்காலில் கை வைத்து, எதிர்ச்சுவரைப் பார்த்தபடி. முதல்முறையாக ஃபின்டனின் முகத்தைப் பார்த்தான். கையில் பச்சை குத்தியிருந்த ஆட்டுத்தலையை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. அண்ணே என்று கூப்பிட்டான். முகத்தில் ஒன்றும் இல்லை. பின்னால் கதவு சாத்தப்பட்டது.

இங்கே பேசத் தடை இல்லை. யாரும் யாரையும் அடக்கப்போவதில்லை. நேட் காலிப் பெஞ்சு ஒன்றின் மேல் ஏறி நின்றான். நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தான்.

"நேட் பில்பீம்."

கூரையில் மோதித் திரும்பி வந்தது. எவ்வளவு நன்றாக இருந்தது. மறுபடி கத்தினான். அடிவயிற்றிலிருந்து, லண்டன் தெருவே திரும்பிப் பார்க்கும்படி, மறுபடியும்.

எங்கேயோ ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது.

ஃபின்டன் எழுந்து நின்றிருந்தார். இரண்டு கையும் பக்கவாட்டில், வரிசையில் பெயர் கூப்பிடும்போது நிற்பது போல.

"இருக்கேன், ஐயா."

அயர்லாந்துப் பேச்சு இல்லை. லண்டன் பேச்சு. நேட்டின் குரல்.

அவருக்குப் பக்கத்தில் இருந்தவன் எழுந்தான். இருக்கேன், ஐயா. எதிர்ப்பக்கம் ஒருவன். இன்னொருவன். மூலையில் இருந்தவன். பெஞ்சுகள் காலியாகிக்கொண்டே வந்தன.

"எம் பேருடா அது," என்று நேட் கத்தினான்.

"எம் பேருடா அது," என்றார்கள் அத்தனை பேரும்.

பெஞ்சின் மேல் நிற்பவனை நோக்கி மெல்லத் திரும்பினார்கள். வெறுமையாக இருந்த அத்தனை முகங்களிலும், ஒரு பக்கமாகக் கோணிய அவனுடைய சிரிப்பு.