கல்லாற்றுப் பல்

பல் நாக்கில் ஒட்டவில்லை.

தாசையன் மறுபடியும் நுனிநாக்கால் தொட்டுப் பார்த்தான். பதினான்கு வருஷமாகக் கல்லூரி ஜூவாலஜி கூடத்தில் எலும்பு துடைத்து, கம்பி கோத்து, லேபிள் ஒட்டியே நரைத்த ஆசாமி அவன். கல்லாகிப் போன எலும்பு ஈர நாக்கைக் கவ்விப் பிடிக்கும், புது எலும்பு வழுக்கும் என்பது அவனுக்கு அத்துப்படி. இது வழுக்கியது.

எலும்பு அவிக்கிற நாற்றம் கல்லூரிக்கு ஆகாது என்று இந்த மாதிரி வேலையெல்லாம் பேரூர்க்கடையிலிருந்த அவன் வீட்டுக்குத்தான் வரும். கல்லாற்று மலையிலிருந்து தேன் கொண்டுவந்தவன் ஒருவன், சாலைக் கடைத்தெருவில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் இந்தப் பல்லைப் போட்டுவிட்டுப் போயிருந்தான். இடித்துப் பொடியாக்குவதற்குள் புரொபசர் சேஷன் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"பூர்வ காலத்து ராட்சச வாலில்லாக் குரங்கு, தாசையா! வம்சமே அழிஞ்சு லட்சக்கணக்கான வருஷமாச்சு. மலையிலே காட்டுமனுஷன், காட்டுமனுஷன்னு பயந்து சாகறாளே, அந்தக் கதையெல்லாம் எங்கேர்ந்து வந்ததுங்கறே? இதோட ஞாபகம்தான்!" என்று குதித்தார்.

பல்லின் வேர்களுக்கு நடுவே புரொபசர் உற்றுப் பார்க்கவில்லை போலும். அங்கே மண் இல்லை, சதை காய்ந்திருந்தது. எத்தனை குரங்கு மண்டை பார்த்தவன் தாசையன்! அகல விரிந்த வேர், மெல்லிய வெள்ளைப் பூச்சு. சந்தேகமேயில்லை, பால் பல். தானாக விழுந்திருந்தால் வேர் கரைந்திருக்கும்; இதைக் குட்டியைக் கொன்று பிடுங்கியிருக்கிறார்கள். குட்டியின் பல்லே அவன் கட்டைவிரல் அகலம் என்றால், தாய்?

அந்த யோசனையை அங்கேயே நிறுத்திக்கொண்டான். "பால் பல்லாக்கும் இது. ஏதோ கொச்சுக் குட்டிக்க பல்லு," என்று மனைவி சுசீலாபாயிடம் வாய்விட்டுச் சொன்னான். ஆறு வயசு மகள் ஓமனா பக்கத்தில் நின்றதைக் கவனிக்கவில்லை. அங்கேதான் பிசகிவிட்டது.

மறுநாள் இடவப்பாதி மழை பிடித்தது. வேலை முடிந்து வந்தால் பல்லைப் போட்டுவைத்திருந்த கிண்ணம் காலி. சுசீலாபாய் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள்.

"மக்ளே, இதுல கெடந்த பல்லு எங்க?"

"சாணத்துல உருட்டி ஓட்டுமேல எறிஞ்சேன் அப்பா. எனக்குப் பல்லு விழுந்தப்ப அம்ம எறிஞ்சாளே, அதுபோல." ஓமனா பொக்கை வாயைக் காட்டிச் சிரித்தாள். "அந்தக் கொச்சுக்கும் புதுப் பல்லு முளைக்கண்டாமா?"

ஓங்கிய கை தானாக இறங்கியது. அந்தக் குட்டிக்கு இனி எந்தப் பல்லும் முளைக்காது என்பதை இந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வான்? அவளை உள்ளறையில் பாயில் உட்காரவைத்துவிட்டு விளக்கைக் கொளுத்தினான்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மழை ஓட்டில் சடசடவென்று ஒரே சீராகக் கொட்டியது, இறவாரத்துத் தண்ணீர் பித்தளைக் குடத்தில் நிரம்பி வழிந்தது, ஈரக் காற்றோடு நனைந்த ஆட்டு மயிரும் புளித்த பலாச்சுளையும் கலந்ததுபோல ஒரு நாற்றம் ஜன்னல் வழியாக நுழைந்து தொண்டையில் உட்கார்ந்தது. பக்கத்து வீட்டில் ஆடு கிடையாது. நாய் உண்டு. விளக்கு வைக்கும் நேரமானால் குரைத்துத் தீர்க்கும் சனியன், இன்றைக்கு வாயே திறக்கவில்லை.

அப்புறம்தான் அது அவன் காதில் பட்டது. ஓடு முழுக்க மழை விழுந்தது, ஓரிடத்தில் மட்டும் விழவில்லை. நடுமுகட்டுக்குப் பக்கத்தில், ஒரு மாட்டுவண்டி அகலத்துக்கு, சத்தமே இல்லை.

வம்சமே அழிஞ்சு லட்சக்கணக்கான வருஷமாச்சு. அவன் அதையே முணுமுணுத்தான். படித்தவர் சொன்னது. பொய்யாகுமா?

சத்தமில்லாத அந்த இடம் நகர்ந்தது.

உத்திரம் முனகியது. மறுபடி நகர்ந்தது. உள்ளறைப் பக்கம்.

"கர்த்தாவே, என் பிள்ளை!"

ஒரு ஓடு விலகும் சத்தம். உடையவில்லை. எடுத்து, பக்கத்தில் வைக்கப்பட்டது. இன்னொன்று. இன்னொன்று. மனிதன் எடுப்பதுபோல, நிதானமாக.

விளக்கோடு பாய்ந்தான். அறைக்குள் மழை பெய்துகொண்டிருந்தது. ஓமனா பாய்மேல் நின்றாள், நனைந்து, அண்ணாந்து. அழவில்லை. அவள் இடக்கையைப் பற்றி இழுத்தான்.

வரவில்லை.

விளக்கை உயர்த்தினான். அவளுடைய வலக்கை முழங்கை வரை காணோம். கூரையிலிருந்து இறங்கியிருந்த கறுத்த உள்ளங்கைக்குள் அது மூடியிருந்தது. நசுக்கவில்லை. இழுக்கவில்லை. பெரிய, ஈரமான கட்டைவிரல் ஒன்று பிள்ளையின் தோளைத் தடவிக்கொடுத்தது.

"அப்பா, விடுங்க," என்றாள் ஓமனா. "நீங்க பிடிச்ச கைதான் நோவுது."

அவன் விடவில்லை. மேலே, ஓடு விலகிய இருட்டிலிருந்து, இரண்டாவது கை அவனை நோக்கி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.