இரண்டு பக்கமும் பட்டன்

கதவில் துளை போட்டு முடித்தபோது மரத்தூள் வெளிப்பக்கம் மட்டும்தான் கிடந்தது.

மர வேலை பார்க்கும் கருத்தக்கண்ணன் குனிந்து பார்த்தார். மதுவந்தியும் பார்த்தாள். துளை கூடத்துப் பக்கம் தொடங்கி அறைப் பக்கம் போய் முடிந்திருக்கிறது. பாதித் தூளாவது உள்ளே உதிர்ந்திருக்க வேண்டும். கதவைத் தள்ளிப் பார்த்தால், உள்ளே தரை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. இருபத்தொரு நாளாக யாரும் விளக்குமாறு வைக்காத தரை. மூடிக்கிடந்த அறையின் வாடை வந்தது: வலித்தைலம், மூத்திரத் துணி, வெயிலில் வெந்த சுவர். அவர் டிரில்லின் வயரைச் சுருட்டினார். மதுவந்தியும் எதுவும் கேட்கவில்லை. அந்த இருபத்தொரு நாளாகவே அவள் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை.

அப்பா ஹாலாஸ்யம் அந்த அறையில்தான் இறந்தார். அவிட்ட நட்சத்திரம். காரியம் செய்து வைத்த வாத்தியார் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, உயிர் போன அறையை ஆறு மாதம் அடைத்து வைக்க வேண்டும் என்றார். அவிட்டத்தில் போகிறவர் லேசில் கிளம்ப மாட்டார், துணை தேடுவார் என்பது நம்பிக்கை. ஜன்னலுக்குப் பலகை அடித்தாயிற்று. கிளம்பும்போது வாத்தியார் மதுவந்தியைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

"யார் குரல்ல கூப்பிட்டாலும் திறக்கப்படாதும்மா. கேட்டா கேட்டுண்டு இரு. அவ்வளவுதான்."

அம்மா தர்மாம்பாளுக்கு இது எதுவும் மண்டையில் ஏறவில்லை. ஐம்பத்திரண்டு வருஷம் கூட இருந்த மனுஷரை உள்ளே வைத்துப் பூட்டியதாகவே நினைத்தாள். மதுவந்தி பூட்டுச் சாவியை அரிசி டப்பாவில் ஒளித்தாள், பாடப் புத்தகத்துக்குள் ஒளித்தாள், பூஜை அலமாரிக்குப் பின்னால் ஒளித்தாள். ஒவ்வொரு தடவையும் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா உள்ளே, அப்பாவின் வெறும் கட்டிலில் படுத்திருந்தாள். மூன்றாம் தடவை எழுப்ப எழுப்ப எழவில்லை. மூச்சு எங்கோ அடியில் ஓடிக்கொண்டிருந்தது. கூடத்துக்கு இழுத்து வந்து முகத்தில் தண்ணீர் அடித்த பிறகுதான் கண்ணைத் திறந்தாள்.

"ஏண்டி எழுப்பினே? கிளம்பிண்டிருந்தோம்."

அப்பா போனபோது மதுவந்திக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்குக் காபி கலந்தாள், விடுப்பு எழுதிக் கொடுத்தாள், பதினான்காம் நாள் போய் ஒன்பதாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்தினாள். உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது. ஆனால் அன்றைக்கு மட்டும் பயந்தாள். நாற்பத்து மூன்று வயது, கல்யாணம் இல்லை, அண்ணன் சிவராம் பெங்களூரில். அம்மாவும் போய்விட்டால் கோச்சடையில் இந்த வீட்டில் அவளைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்க ஆள் கிடையாது. அண்ணன் ஆன்லைனில் தேடி அனுப்பியதுதான் இந்தப் பூட்டு. சாவி இல்லை, பேட்டரி இல்லை. தகட்டில் பத்து எண்களுக்குப் பத்து பட்டன், கடைசியில் C என்று ஒன்று.

கருத்தக்கண்ணன் அதைப் பொருத்தி, கதவைத் திறந்து வைத்தபடியே நாலைந்து தரம் சோதித்தார். அம்மா பக்கத்தில் வந்து நின்று இது எப்படி, அது எப்படி என்று கேட்டாள். அவரும் சலிக்காமல் சொன்னார்.

"மொதல்ல இந்த சி-ய அமுக்கணும் பெரியம்மா. அமுக்காட்டி, முன்னாடி அமுக்குன நம்பரோட சேந்துக்கிரும். பெறகு நாலு நம்பரு. எத முன்ன அமுக்குனாலும் சரித்தேன், நாலும் விழுந்தாத் தெறந்துரும்."

எந்த நாலு என்று அம்மா கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே மதுவந்தியைக் கைகாட்டினார்.

உள்பக்கம் வெறும் கைப்பிடிதான். உள்ளே இருக்கிறவர்களுக்கு நம்பர் தேவையில்லை, திருகினால் திறந்துகொள்ளும், யாரும் மாட்டிக்கொண்டு தவிக்கக் கூடாதல்லவா என்றார். உள்ளேதான் யாரும் இல்லையே என்றாள் மதுவந்தி. அவர் சுத்தமாகக் கிடந்த தரையை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, வாரேன் டீச்சர் என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை அவள் வீட்டுக்கு வந்தபோது கதவு ஒரு சாண் திறந்திருந்தது. கூடத்தில் இரண்டு பிரம்பு நாற்காலிகள் எதிரெதிராகப் போடப்பட்டிருந்தன. ஒன்றில் அம்மா. நடுவில் இரண்டு டம்ளர் காபி. தான் தொடவே இல்லை, உள்ளேயிருந்து அவரே திறந்துகொண்டார் என்றாள் அம்மா, பால்காரர் வந்து போனதைச் சொல்கிற மாதிரி. அம்மாவுக்கு நம்பர் தெரியாது. மதுவந்தி அதை எங்கும் எழுதி வைக்கவில்லை. கதவைச் சாத்தினாள். புதன்கிழமையும் அது திறந்து கிடந்தது.

வியாழக்கிழமை விடுமுறை. சாயங்காலம் நாலு மணி இருக்கும், கரண்ட் போயிருந்தது, தெருவில் ஒரு சத்தமும் இல்லை. தரையில் விடைத்தாள்களைப் பரப்பிக்கொண்டு மதுவந்தி திருத்திக்கொண்டிருந்தாள். பூட்டின் நாக்கு உள்ளே இழுபடும் சத்தம், சின்னதாக, எண்ணெய் போட்ட சத்தம், கேட்டது. நிமிர்ந்தாள். கதவு மெல்லத் திறந்து, பாதியில் நின்றது. அந்தத் தைல வாடை கூடத்துக்குள் நடந்து வந்தது. வேறெப்படிச் சொல்வது, நடந்துதான் வந்தது. அவளைத் தாண்டிப் போனது. காலியாக இருந்த பிரம்பு நாற்காலி, ஆள் உட்கார்ந்தால் முனகுகிற மாதிரி முனகி அடங்கியது. அம்மா அந்த நாற்காலியைப் பார்த்துச் சிரித்தாள்.

மதுவந்தி குனிந்து மதிப்பெண்ணைக் கூட்டினாள். மூன்று தரம் கூட்டியும் மூன்று விடை வந்தது.

அன்றைக்கே கருத்தக்கண்ணனுக்குப் போன் போட்டாள். உள்ளேயிருந்தும் திறக்க முடியாதபடி ஒரு பூட்டு வேண்டும் என்றாள். இரண்டு பக்கமும் பட்டன் வைத்ததே இருக்கிறது, அதே துளையில் உட்கார்ந்துவிடும் என்றார்.

"உள்ள இருந்து யாரு டீச்சர் நம்பர் அமுக்கப்போறா?"

"யாரும் அமுக்கக் கூடாதுன்னுதான்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து மாட்டினார். பழையதை அவர் கழற்ற, புதியதன் இரு பக்கத்துக்கும் ஒரே நம்பரை மதுவந்தியே வைத்தாள். கதவின் விளிம்பில் கடைசித் திருகாணி சிறியதாகப் போக, வேறு எடுத்து வர வண்டிக்குப் போனார். அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது. அவள் ஓடினாள். மேடையைத் துடைத்துவிட்டு வர நாலு நிமிஷம் ஆகியிருக்கும். அதுவரை கதவு திறந்துதான் கிடந்தது.

திரும்பி வந்தபோது அம்மா பிரம்பு நாற்காலியில் மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். அரக்குப் புடவை. நல்ல பிள்ளை மாதிரி. கருத்தக்கண்ணன் திருகாணியை முடுக்கி, கதவை இழுத்துச் சாத்தினார். மதுவந்தி நம்பர் போட்டு ஒரு விரற்கடை திறந்து பார்த்து, மறுபடி சாத்தினாள். அறைக்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது?

விளக்கு வைக்கிற நேரத்தில் ஆரம்பித்தது.

டொக். டக், டக், டக், டக். கைப்பிடி அரைவாசி திருகி நின்றது. கொஞ்சம் இடைவெளி. மறுபடி டொக். டக், டக், டக், டக்.

மதுவந்தி எழுந்து நின்றுவிட்டாள். உள்ளேயிருந்து, தேக்குப் பலகைக்கு அந்தப் பக்கம், தலையணையை வாயில் வைத்துப் பேசுகிற மாதிரி ஒரு குரல்.

"மது. மது, கதவைத் திறடி."

அம்மாவின் குரல். அச்சு அசல் அம்மாவின் குரல். திரும்பிப் பார்த்தாள். அம்மா நாற்காலியில்தான் இருந்தாள், வாய் மூடியிருந்தது. யார் குரலில் கூப்பிட்டாலும் என்று வாத்தியார் சொன்னது இதைத்தான். நல்லவேளை, சொல்லி வைத்தார்.

"திறக்காதே" என்றாள் நாற்காலியிலிருந்த அம்மா.

இத்தனை நாளில் அம்மா அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்பாடா, புத்தி தெளிந்துவிட்டது என்று மதுவந்திக்கு அழுகையே வரப் பார்த்தது. வரவில்லை.

கணக்கு டீச்சர் அல்லவா, கணக்குதான் ஓடியது. பத்து எண்ணில் நாலு, வரிசை முக்கியமில்லை. மொத்தமே இருநூற்றுப் பத்து விதம். நிமிஷத்துக்கு ஒன்று என்றால் மூன்றரை மணி நேரத்தில் எல்லாமும் தீர்ந்துவிடும். தரையில் உட்கார்ந்து எண்ணினாள். பதினைந்து. இருபத்தாறு. நாற்பது. ஒவ்வொரு தடவையும் கைப்பிடி திருகும்போது பல்லைக் கடித்தாள். நாற்பத்தெட்டில் நின்றது. அம்மாவைப் படுக்கக் கூப்பிட்டாள். இங்கேயே இருக்கிறேன் என்றாள் அம்மா. மதுவந்தி தன் அறைக்குப் போய் காதைப் பஞ்சால் அடைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை சத்தம் குறைந்தது. நாள் முழுக்கவே ஏழெட்டு. அம்மா அதே நாற்காலியில், அதே புடவையில். காபி ஆடை படிந்து கிடந்தது. இட்லி காய்ந்து போனது. குளிக்கவில்லையா, பசிக்கவில்லையா என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். மத்தியானம் உள்ளேயிருந்து "தண்ணி" என்றது. "மது, கொஞ்சம் தண்ணி." மதுவந்தி டிவியைப் போட்டு சத்தத்தைக் கூட்டினாள். ஏதோ சமையல் நிகழ்ச்சி. அம்மாவும் திரும்பி அதைப் பார்த்தாள். விளம்பரம் வந்தபோதும் அதே மாதிரி பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அறுபத்து மூன்றாவது. சத்தத்தில் பலமே இல்லை. விரலை வைத்து அழுத்தி, அது போதாமல் இன்னொரு விரலையும் சேர்த்து அழுத்துகிற சத்தம்.

டொக்.

டக். டக்.

நீண்ட நேரம் கழித்து, டக்.

நாலாவது வரவில்லை.

எல்லாம் அடங்கிக்கொண்டிருக்கிறது என்று மதுவந்தி நிம்மதிப்பட்டாள். அந்த நிம்மதிக்குள்தான் ஒரு சந்தேகம் முளைத்தது. அப்பா தபால் ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். சலவைத் துணிக்குக்கூட வரிசை எண் போடுவார். அவராயிருந்தால் முதலிலிருந்து ஒழுங்காகப் போயிருப்பார், இருநூற்றுப் பத்தையும் முதல் நாளே முடித்திருப்பார். இது தெரிந்த எண்ணையெல்லாம் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்க்கிற கை. அதோடு, ஒவ்வொரு தடவையும் முதலில் அந்த டொக். C பட்டன். அதை அமுக்கித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று அப்பாவுக்கு யார் சொன்னது?

கருத்தக்கண்ணன் சொன்னார். அம்மாவிடம் சொன்னார்.

திறந்து கிடந்த நாலு நிமிஷம். வெறும் கட்டில். எழுப்பினாலும் எழாத தூக்கம்.

எழுந்தாள். கதவு எட்டு அடியில். நடந்தாள்.

"திறக்காதே."

பின்னாலிருந்து. வெள்ளிக்கிழமை சொன்ன அதே மாதிரி. அதே ஏற்றம், அதே இறக்கம், அதே இடத்தில் மூச்சு.

அவள் திரும்பவில்லை. C. ஒன்று. விரல் வழுக்கியது. மறுபடி C. நாலு எண். திருகினாள்.

கதவு போகவில்லை. உள்ளே ஏதோ சாய்ந்திருந்தது. தோளை வைத்துத் தள்ளினாள். கனமாக, மெல்ல, நகர்ந்தது.

அம்மா.

கதவோரம் மடிந்து கிடந்தாள். அதே அரக்குப் புடவை. உதடு வெடித்து வெளுத்திருந்தது. வலது கை மட்டும் இன்னும் பூட்டின் உயரத்துக்கு எழும்பப் பார்த்தது. இரண்டு விரல் நுனியிலும் தோல் இல்லை. பட்டன்களில் பழுப்பாகக் காய்ந்திருந்தது.

மூச்சு இருந்தது.

"அம்மா" என்றாள் மதுவந்தி. இருபத்தேழு, இருபத்தெட்டு, எத்தனை நாளோ அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் அந்த ஒரு சொல்லோடு பிய்த்துக்கொண்டு வந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்து அம்மாவின் தலையை மடியில் ஏந்தினாள். நான்தான் பூட்டினேன், நான்தான் பூட்டினேன் என்று அழுதாள். அம்மாவின் கண் திறந்தது. மகளைப் பார்க்கவில்லை. மகளின் தோளுக்கு மேலே பார்த்தது. வெடித்த உதடு வெட்கத்தில் விரிந்தது.

"வந்துட்டேளா" என்றாள் அம்மா.

கூடத்தில் பிரம்பு நாற்காலி முனகியது.

காலடி. ஒன்று. இன்னொன்று. தைல வாடை. அரக்குப் புடவையின் ஓரம் மதுவந்தியின் முழங்கையை உரசிக்கொண்டு நுழைந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. அம்மாவின் முகமாக இருக்க வேண்டிய அவசியம் அதற்கு இப்போது இல்லை. அது குனிந்து, மடியிலிருந்து அம்மாவை எடுத்தது. தூங்குகிற பிள்ளையை எடுப்பது போல, சிரமமே இல்லாமல். அறைக்குள் நடந்தது.

மதுவந்தி அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்தாள். இரண்டு கையாலும் பிடித்தாள். துணி விரல்களுக்கிடையே ஓடியது, ஓடியது, முடிந்தது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. தோல் போன அந்த விரல்கள் அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு, பின்னந்தலையில் முடி இருக்க வேண்டிய இடத்தை மெதுவாகக் கோதிக்கொண்டிருந்தன.