இரண்டும் ஒரே நாளில் போகுமா?

அப்பா அந்தப் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் பரணில் போட்ட நாளிலிருந்து, வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அதற்குள் ஓர் ஒட்டகச்சிவிங்கி இருந்தது. அதற்குத் தொண்டை வலி. அவ்வளவு நீளக் கழுத்தில் எந்த இடத்தில் வலிக்கிறது என்று தெரியாமல், மருத்துவர் ஏணி வைத்து ஏறி ஏறித் தேடுவார். பகலெல்லாம் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் அப்பா, வேலை முடிந்து வந்ததும் இந்தக் கார்ட்டூன் படத்தை வரைய உட்கார்ந்துவிடுவார். ஒரு வருடத்துக்கும் மேலாக வரைந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டருக்குள் 'டக்... டக்...' என்று சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் ஹார்டு டிஸ்க் செத்துப்போயிருந்தது. பழுது பார்ப்பவர் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"உள்ள தட்டு முழுக்கக் கீறல் சார். ஒண்ணும் தேறாது."

அப்பா அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று வாலுவுக்குத் தோன்றியது. வேலை முடிந்து வருவார், சாப்பிடுவார், ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார். அவ்வளவுதான்.

வாலு என்பது கடைக்குட்டி மகளுக்கு வீட்டில் வைத்த பெயர். முன்பெல்லாம் அந்தப் பெயருக்குக் குறை வைக்காமல் நடந்துகொண்டாள். இப்போது அவளும் சுருண்டு கிடந்தாள்.

அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தான். "நானே ஒரு புதுக் கம்ப்யூட்டர் கட்டப்போறேன். அப்பா அசந்துபோற மாதிரி!"

சித்தப்பா வீட்டில் சும்மா கிடந்த கம்ப்யூட்டர் பெட்டி, எல்லாப் பாகங்களையும் இணைக்க நண்பன் கொடுத்த மதர்போர்டு என்று ஒவ்வொரு பாகமாகச் சேர்த்தான். கடைசியில் எஸ்.எஸ்.டி. மட்டும் பாக்கி. அதுவும் ஹார்டு டிஸ்க் செய்யும் வேலையைத்தான் செய்யும். ஆனால் உள்ளே சுழலும் தட்டு கிடையாது, வேகமும் அதிகம். அதை வாங்க அம்மா பணம் தந்தாள்.

"இருக்கறதுலயே வேகமானதா வாங்குவோம். வேகத்தைப் பார்த்தா அப்பா தானா வரைய உட்கார்ந்துடுவாரு" என்றான் அண்ணன்.

வாலுவுக்குச் சந்தேகமாக இருந்தது. ஜன்னலோரம் போய் நின்றாள்.

"அப்பா, கம்ப்யூட்டர் ரொம்ப வேகமா இருந்தா மறுபடி வரைவீங்களா?"

அப்பா திரும்பாமலே சொன்னார். "வேகமா இருந்தா வேகமாத் தொலையும். விடும்மா."

கடைக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் குரல் அவள் காதிலேயே இருந்தது.

கடையில் இருந்த அக்கா, கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினாள். மெல்லிய பச்சைப் பட்டை. விரல் நீளம்தான் இருக்கும்.

"இதை மதர்போர்டுலயே நேராச் சொருகணும். எங்ககிட்ட இருக்கறதுல இதுதான் அதிவேகம்."

அண்ணனின் கண்கள் தட்டுப்போல விரிந்தன. "இதேதான்!"

வாலு எட்டிப் பார்த்தாள். "அக்கா, கெட்டே போகாதது எது?"

அக்கா பொய் சொல்கிற ஆள் இல்லை. "அப்படி ஒண்ணு கிடையாது கண்ணு. நல்லதாப் பார்த்து வாங்கினா நிறைய நாள் வரும். ஆனா எதுவா இருந்தாலும் ஒருநாள் போகத்தான் செய்யும்."

அப்படியானால் அப்பா சொன்னது சரிதானா? வரைவதெல்லாம் தொலைவதற்குத்தானா? வாலு கடையின் வாசல்படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். கண் நிறைந்து, தெருவில் போன பேருந்து கலங்கலாகத் தெரிந்தது.

"எல்லார் முன்னாடியும் அழாதே வாலு, மானம் போகுது" என்று பின்னாலேயே வந்தான் அண்ணன். அவன் குரலும் கம்மியிருந்தது.

அவள் மூக்கை உறிஞ்சினாள். சட்டென்று எழுந்து உள்ளே ஓடினாள்.

"அக்கா! ஒருநாள் போகும்னு சொன்னீங்களே. ரெண்டு வச்சிருந்தா, ரெண்டும் ஒரே நாள்ல போகுமா?"

அக்கா புருவத்தை உயர்த்தினாள். "அது ரொம்ப ரொம்ப அபூர்வம்."

"அப்போ இந்த ஒண்ணு வாங்கற காசுல, விலை குறைஞ்சதா ரெண்டு குடுங்க. ஒண்ணுல வரையறதுக்கு, இன்னொண்ணுல அதையே நகல் எடுத்து வைக்கறதுக்கு."

"வேகம் குறைஞ்சுடும்டீ!" என்று அலறினான் அண்ணன்.

"அப்பாவுக்கு வேணுங்கறது வேகமா? அவருக்குப் பயம் அண்ணா."

அண்ணன் அந்தப் பட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு தானே அதைக் கண்ணாடிப் பெட்டியில் திரும்ப வைத்தான்.

சாதாரண வேகமுள்ள சொருகு பட்டை ஒன்று, கம்பியால் இணைக்கும் சின்னப் பெட்டி வகை ஒன்று என்று வாங்கினார்கள். வீட்டில் பட்டையைப் பொருத்தும்போது, அரிசிமணி அளவுத் திருகாணி கீழே விழுந்துவிட்டது. இரண்டு பேரும் தரையோடு தரையாகத் தவழ்ந்து தேடினார்கள். கடைசியில் அது அண்ணனின் முழங்காலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கம்ப்யூட்டர் ஓடியது. அப்பா வந்து பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார். திரும்ப ஜன்னலோரம் போய்விட்டார்.

அண்ணன் வாய்விட்டு அழுதான். அம்மா அவன் முதுகைத் தடவினாள். ஒரு வாரம் அப்படியே போனது. திரையில் தூசு படிந்தது.

அடுத்த சனிக்கிழமை காலை வாலு தானே உட்கார்ந்து ஓர் எறும்பை வரைந்தாள். முக்கி முனகி வண்ணம் தீட்டினாள். நகல் எடுத்தாள். அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

"இது நான் வரைஞ்சது. பாருங்க."

அப்பா பார்த்தார். உடனே வாலு அதை அழித்தாள். திரை வெறுமையானது.

"ஏய்! என்ன பண்ற!" அப்பா பதறிப்போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "இவ்வளவு நேரம் உட்கார்ந்து வரைஞ்சதை..."

வாலு திரையில் இன்னொரு எஸ்.எஸ்.டி.யைத் திறந்தாள். எறும்பு அங்கே இருந்தது. அதே நிறம், அதே அசட்டுச் சிரிப்பு.

அப்பாவின் கண்ணோரம் ஈரமானது. இத்தனை நாள் வராத அழுகை அப்போதுதான் வந்தது. வாலு அவர் கையை விடவே இல்லை.

"ஒட்டகச்சிவிங்கி வராதுப்பா. எனக்குத் தெரியும்" என்றாள் மெல்ல.

"ம்." முகத்தைத் துடைத்துக்கொண்டு திரையைக் கூர்ந்து பார்த்தார். "எறும்புக்கு ஆறு கால். நீ அஞ்சுதான் போட்டிருக்கே."

"இடம் பத்தலைப்பா."

"தள்ளு."

அப்பா உட்கார்ந்தார். அன்று முழுக்க அவர் வரைந்தது ஒரே ஒரு கால்தான். அதை இரண்டு இடத்திலும் சேமித்துவிட்டுத்தான் எழுந்தார்.