கருடக்கொடி தேடிப் போன கேரியர்

"இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள கொடி கிடைச்சாவணும் பிள்ள. இல்லாட்டி இதுவ ஒண்ணை ஒண்ணு கடிச்சுத் தின்னும்!" என்றாள் பெனிஷா.

கிணற்றடி வேலியில் போன வாரம்வரை கருடக்கொடி செழித்துப் படர்ந்திருந்தது. இப்போது அங்கே நின்றது வெறும் குச்சி. இலை போயிற்று, தளிர் போயிற்று, தண்டின் பச்சைத் தோலையும் சுரண்டித் தின்றாயிற்று. அந்தக் குச்சியில் இருபதுக்கும் மேற்பட்ட புழுக்கள் தலையைத் தூக்கி, அடுத்த இலை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தன. புழு என்றால் சும்மா புழுவா? விரல் தடிமன், கருஞ்சிவப்பு உடம்பு, சதை முள், இடுப்பில் சாய்வாக ஒரு வெள்ளைப் பட்டை. வளர்ந்தால் இவைதான் பொன்னழகி. கறுப்பும் தங்க மஞ்சளுமாக, விரித்த கையைவிடப் பெரிய பட்டாம்பூச்சி!

இந்த வம்புக்கு யார் காரணம்? பெனிஷாதான். ஊரில் மற்றப் பிள்ளைகள் கிரிக்கெட், செல்போன் என்று கிடக்க, பத்தாம் வகுப்புக்காரியான இவள் கொசுவலைக் கூண்டு கட்டிப் பட்டாம்பூச்சி வளர்த்தாள். எலுமிச்சைப் புழு, எருக்கம்புழு, கறிவேப்பிலைப் புழு எல்லாம் இவள் கையால் றெக்கை முளைத்துப் பறந்தவை. ஆனால் பொன்னழகி கூட்டைப் பிளந்து வெளியே வருவதை மட்டும் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஒருமுறை அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது வந்தது. இன்னொருமுறை, பாவி, அவள் பல் தேய்க்கப் போன இடைவெளியில் வந்தது. அவளுக்குக் கிடைத்ததெல்லாம் காலிக் கூடு.

அதனால்தான் இந்தத் தடவை கோயில் மதில், பள்ளிக்கூட வேலி என்று கண்ட இடத்து முட்டையெல்லாம் பொறுக்கிக் கொண்டுவந்து, தன் வீட்டுக் கொடியிலேயே ஏற்றினாள். இத்தனையில் ஒன்றாவது கண் முன்னால் விரியாதா என்ற ஆசை. முட்டைக் கணக்குப் பார்த்தவள் இலைக் கணக்கை மறந்துவிட்டாள். ஊரில் இருந்த மற்றக் கொடிகளையோ திருவிழாவுக்காகப் புதரோடு வெட்டித் தள்ளியாயிற்று. வேறு இலையைப் போட்டால் இந்தப் புழுக்கள் முகர்ந்துகூடப் பார்க்காது. பட்டினி கிடந்து சாகுமே தவிர வாய் வைக்காது.

"எனக்க பிள்ளைய கொய்யா இலையும் தின்னும், கருவாப்பட்டை இலையும் தின்னும். உனக்கது ராஜகுடும்பமில்லா!" என்றாள் பகவதி. பக்கத்து வீட்டுத் தோழி. இவள் கட்சி வேறு, விட்டில் வளர்ப்பவள். கேலி பேசினாலும், பேசும்போதே செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டாள்.

"மலையில சித்தப்பா காவல் நிக்க கிராம்புத் தோட்டம் இருக்கில்லா? அங்க கொடி காணும். வழி எனக்குத் தெரியும்!" என்றான் பெனிஷாவின் அண்ணன் ரெஜின். பாலிடெக்னிக் மாணவன். வழி தெரியும் என்று அவன் சொன்ன நாளெல்லாம் வழி தவறிய நாள்தான். இருந்தாலும் கிணற்றுக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் முன்னால் நடக்க, படை கிளம்பியது.

புழுக்களையும் எடுத்துக்கொண்டார்கள். இலை கிடைத்த நிமிஷமே ஊட்ட வேண்டுமே! பசித்த புழுக்களை ஒன்றாகப் போட்டால் சண்டை. ஆகவே அடுக்கடுக்காகப் பிரித்து வைக்க வாகாக, அப்பா வேலைக்குச் சாப்பாடு கொண்டுபோகும் மூன்றடுக்குக் கேரியரை எடுத்து, ஒவ்வோர் அடுக்கிலும் அட்டைத் தடுப்பு வைத்துப் புழுக்களை ஏற்றினாள் பெனிஷா. அம்மாவிடம் கேட்டாளா? கேட்டால் கிடைக்குமா! மதியச் சாப்பாட்டை வாழை இலையில் பொதிந்து பகவதி பையில் வைத்துக்கொண்டாள். முன்னால் போன ரெஜினுக்கு இந்த மாற்றம் தெரியாது.

மினி பஸ் ரப்பர் தோட்டங்களைத் தாண்டி மேலே ஏறியது. தோட்டத்து வாசலில் சித்தப்பா நின்றிருந்தார்.

"கொடி எங்க நிக்குன்னு எனக்குத் தெரியாது மக்களே. கீழ்ப்பாதியில நாங்க களை வெட்டியாச்சு. ஓடைக்கு அந்தப் பக்கம் வெட்டுக்குப் போயி வருசம் கொஞ்சம் ஆச்சு. போயிப் பாருங்க. ஆனா ஒரு காரியம்! மேல மழை இருட்டுச்சுன்னா ஓடையைத் தாண்டித் திரும்பி வந்திரணும். நின்னு வேடிக்கை பாக்காண்டாம், கேட்டியளா?"

"சரி சித்தப்பா!" என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

தோட்டமோ மலைச்சரிவு முழுக்கப் பரந்து கிடந்தது. இதில் ஒரு கொடியை எங்கே போய்த் தேடுவது? பெனிஷாவிடம் ஒரு திட்டம் இருந்தது.

"நாம தேடாண்டாம். அவளே காட்டித் தருவா. பொன்னழகியைக் கண்டா பின்னாலயே போவோம். அவ முட்டை போட கொடிக்குத்தானே போவணும்?"

சொல்லி வாய் மூடவில்லை, தலைக்கு மேலே தங்க மஞ்சள் பளிச்சிட்டது!

"ஏய், அங்க பாரு!" என்று ரெஜின் கத்தினான். மூவரும் பாய்ந்தார்கள். பாறை ஏறினார்கள், பள்ளத்தில் இறங்கினார்கள், முள்ளில் கை கிழிந்தது. அட்டைகள் கால் வழியே ஏற, கையோடு கொண்டுவந்த உப்புப் பொட்டலத்தைப் பிரித்துத் தேய்த்துக்கொண்டே ஓடினார்கள். பொன்னழகி நிமிர்ந்து, நேராக, அவசரமில்லாமல் மிதந்து போனது. கடைசியில் சிவப்பாய்ப் பூத்து நின்ற ஒரு கிருஷ்ணகிரீடச் செடியில் போய் உட்கார்ந்து, நிதானமாகத் தேன் குடிக்கத் தொடங்கியது.

ரெஜின் மூச்சு வாங்கினான். "சவம், நம்மளை சாயாக்கடைக்கில்லா கூட்டிட்டு வந்திருக்கு!"

பகவதி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பெனிஷாவுக்குச் சிரிப்பு வரவில்லை. உச்சி வெயில் ஆகிவிட்டது. கேரியருக்குள் புழுக்கள் நகரும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"பசிக்கு. அம்மா என்ன கறி வச்சிருக்கா?" என்று ரெஜின் கேரியரின் கம்பியைத் தூக்கினான்.

"அண்ணா, அது..."

மூடி திறந்துவிட்டது. உள்ளே இருந்த புழுக்கள் பயந்துபோய்த் தலையிலிருந்து செக்கச்சிவந்த இரட்டைக் கொம்பை நீட்டின. நாற்றம் குப்பென்று அடித்தது.

"ஏசுவே!" ரெஜின் பின்பக்கமாகச் சாய்ந்து செடிக்குள்ளேயே விழுந்தான். பூவில் இருந்த பொன்னழகி எழுந்து போய்விட்டது. இப்போது பெனிஷாவும் சிரித்துவிட்டாள். கொம்பு நீட்டத் தெம்பு இருக்கிறதென்றால் உயிருக்கு இன்னும் பயமில்லை!

இலைப் பொதியைப் பிரித்து, மரச்சீனிக் கிழங்கையும் சாளை மீன் கறியையும் தின்றபடி அவள் யோசித்தாள். யோசித்ததும் நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

"மண்டத்தனம் பண்ணிட்டோம் பிள்ள! தேனுக்குப் போறவ உயரத்துல நேராப் போவா. முட்டை போடப் போறவ அப்படிப் போவ மாட்டா. தாழப் பறந்து, செடி செடியா இறங்கி, காலால இலையைத் தொட்டுத் தொட்டுப் பாப்பா. அவளுக்கு ருசி காலிலயாக்கும் இருக்கு. அப்படிப்பட்டவளைத்தான் பிடிக்கணும்."

இம்முறை ஓடவில்லை. ஓடைக்கரையில் மூவரும் பேசாமல் உட்கார்ந்தார்கள். ஒரு பொன்னழகி போயிற்று, நேராகப் போயிற்று, விட்டுவிட்டார்கள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது ஒன்று வந்தது. றெக்கை ஓரம் கிழிந்தவள். புதருக்குள் நுழைந்தாள், ஒரு இலையைத் தொட்டாள், பிடிக்கவில்லை. அடுத்ததைத் தொட்டாள், அதுவும் இல்லை.

"இவதான்!" என்று பெனிஷா கிசுகிசுத்தாள். "பைய வாங்க."

கிழிந்த றெக்கைக்காரி ஓடைக்கு மேலே மெல்லத் தாண்டினாள். ஓடையின் குறுக்கே ஒரு மரம் விழுந்து கிடந்தது. பாசி பிடித்து வழுக்கியது. ரெஜின் கயிற்றின் ஒரு நுனியை இக்கரையில் கட்டி, மறுநுனியோடு உட்கார்ந்தபடியே நகர்ந்து அக்கரை சேர்ந்து, அங்கேயும் இழுத்துக் கட்டினான். வழி தெரியாதவன்தான், ஆனால் முடிச்சு போடத் தெரிந்தவன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கேரியரைக் கழுத்தில் துண்டால் கட்டித் தொங்கவிட்டபடி பெனிஷா கடந்தாள். கீழே தண்ணீர் சலசலத்தது. அவள் கீழே பார்க்கவே இல்லை. பின்னாலேயே பகவதியும் வந்தாள்.

அக்கரையில் கால் வைத்ததும் வெயில் மறைந்தது. மேகம்! வெயில் போனால் பட்டாம்பூச்சி எங்கேயாவது இலைக்கடியில் ஒண்டிக்கொள்ளும். கிழிந்த றெக்கைக்காரியைக் காணவில்லை.

"போயிட்டாளா?" என்றாள் பகவதி.

"இங்கிணதான் இருப்பா. அனங்காம இரு."

காத்திருந்தார்கள். காடு அமைதியாக இருந்தது. எங்கோ ஒரு மரங்கொத்தி தட்டியது. கிராம்பு மரங்களின் வாசனை லேசாக வந்தது. மேலே மலை உச்சி கறுத்துக்கொண்டே வந்ததை ரெஜின் மட்டும் கவனித்து, தங்கையின் முகத்தைப் பார்த்து, சித்தப்பாவின் எச்சரிக்கையை விழுங்கிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் மேகம் சற்றே விலகி ஒரு கீற்று வெயில் விழுந்தது. பத்தடி தள்ளி ஒரு புதரிலிருந்து தங்க மஞ்சள் எழுந்தது!

அவள் ஒரு பாறையைச் சுற்றி வளைந்தாள். மூவரும் வளைந்தார்கள். வளைந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

விழுந்து கிடந்த ஒரு பெரிய பலா மரத்தை முழுசாக மூடி, பக்கத்து மரங்களிலும் ஏறி, பந்தல் போட்டதுபோல் படர்ந்து கிடந்தது கருடக்கொடி!

"அம்மோ! எம்மாடி கொடி!" என்று பகவதி வாயைப் பிளந்தாள்.

கிழிந்த றெக்கைக்காரி ஒரு தளிரின் அடியில் வால் வளைத்து முட்டை வைத்தாள். பெனிஷா கிட்டே போய்ப் பார்த்தாள். அந்த ஒன்று மட்டுமா? இலைக்கு இலை ஆரஞ்சு நிற முட்டைகள், குட்டிப் புழுக்கள். இத்தனை முட்டை! அவள் கை தானாக நீண்டது. பகவதி அவளைப் பார்த்தாள். பெனிஷாவின் கண் முன்னால் கிணற்றடிக் குச்சி வந்து நின்றது. கையை இழுத்துக்கொண்டாள்.

"பை நிறைய இலை பறிச்சிருவோம்" என்றான் ரெஜின்.

"பறிச்சா மூணு நாளைக்கு வரும். பிறவு? மறுபடியும் இங்க வந்து மொட்டை அடிக்கவா?" என்றாள் பெனிஷா. "வேண்டாம் அண்ணா. இதுவளை இங்கயே விட்டிருவோம்."

"அப்போ விரியதை நீ பாக்க முடியாதே, பிள்ள!" என்றாள் பகவதி.

"சாவதைப் பாக்கதுக்கு அது தேவலை."

கேரியரைத் திறந்து ஒவ்வொரு புழுவாக எடுத்து, கூட்டமில்லாத கிளைகளாகப் பார்த்துத் தள்ளித் தள்ளி விட்டாள். விட்ட வேகத்தில் அவை தின்னத் தொடங்கின. கறுக் கறுக்கென்று இலை கடிபடும் சத்தம் அவள் காதுக்கு நன்றாகக் கேட்டது. கண்ணில் நீர் தளும்பியது. துடைத்துக்கொள்ளாமல் வேலையைச் செய்தாள்.

கடைசியாக நடு அடுக்கில் ஒன்று பாக்கி. எல்லாவற்றிலும் பெரியது. சுவரோடு ஒட்டி, சுருங்கி, அசையாமல் கிடந்தது. வாயருகே இலையை வைத்தாள். தலையைக்கூடத் திருப்பவில்லை.

"போச்சு. நான்தான் கொன்னேன்" என்று பெனிஷா விம்மிவிட்டாள்.

பகவதி கேரியரை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அடியில் ஈரமாகக் கழிந்திருந்தது. புழுவின் இடுப்பைச் சுற்றி மெல்லிய நூல் ஒன்று மின்னியது. இரு முனையும் கேரியரின் சுவரில் ஒட்டியிருந்தன.

"ஏ கோட்டிக்காரி! சாவுகா இல்ல, கூடு கட்டுகா! வயித்தைக் கழிச்சு, இடுப்புக் கயிறும் போட்டாச்சு. இனி இதுக்கு இலையே வேண்டாம்!"

பெனிஷா பார்த்தாள். மறுபடி பார்த்தாள். அழுகை நிற்காமலே சிரிப்பு வந்தது. நூலை அறுத்து எடுத்தால் பிழைக்காது. ஆகவே அதைக் கேரியரோடு வீட்டுக்குத்தான் கொண்டுபோக வேண்டும்!

மலை உச்சியில் இடி உருண்டது. "ஓடை!" என்று ரெஜின் கத்தினான். கேரியரை ஆட்டாமல், அதே சமயம் வேகமாக நடப்பது எப்படி என்று அன்று பெனிஷா கற்றுக்கொண்டாள். அக்கரை முடிச்சை அவிழ்த்துக்கொண்டு ரெஜின் கடைசியாக மரத்தைக் கடந்து முடிப்பதற்கும் செம்மண் தண்ணீர் புரண்டு வருவதற்கும் சரியாக இருந்தது. நனைந்த கோழிகளாக மூவரும் சித்தப்பாவின் கொட்டகையில் போய் நின்றார்கள்.

வீட்டில் அம்மா காத்திருந்தாள். "கேரியர் எங்க போச்சுன்னு காலையிலேர்ந்து தேடுகேன்! அப்பா பட்டினியால்லா கிடந்தாவ!" என்று தொடங்கியவள், நடு அடுக்கைத் திறந்து பார்த்ததும் தலையில் கை வைத்தாள். அன்றிலிருந்து அப்பாவின் சோறு பழைய தூக்குவாளியில் போயிற்று. நடு அடுக்கு வராந்தா ஆணியில் தொங்கியது. "சோத்துப் பாத்திரத்துல புழு வளக்க குடும்பம் வேற எங்கயும் உண்டுமா?" என்று அம்மா தினமும் கேட்டாள். ஆனால் அதன் மேல் பல்லி ஏறாமல் வலை கட்டியது அவளேதான்.

வாரங்கள் போயின. ஒரு காலை, பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு பெனிஷா எட்டிப் பார்த்தாள். கூடு கறுத்திருந்தது. உள்ளே மஞ்சள் தெரிந்தது. மறுபடியுமா? இன்றைக்கும் பள்ளிக்கூடமா?

அம்மா வந்து பார்த்தாள். மகளின் தோளிலிருந்து பையைக் கழற்றி உள்ளே வைத்தாள். "ஸ்கூலு எங்கயும் ஓடிப் போவாது. இருந்து பாரு மக்களே."

பகவதியும் ரெஜினும் ஓடி வந்தார்கள். கூட்டின் தலைப்பக்கம் மெல்ல விரிந்தது. ஈரக் கால் ஒன்று வந்தது. பிறகு கசங்கிய துணிபோல் றெக்கை. பாத்திரத்து விளிம்பில் ஏறித் தொங்கிற்று. கசங்கல் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. மடிப்பு அவிழ்ந்தது. கறுப்பு விரிந்தது, தங்கம் விரிந்தது. பெனிஷா கண்ணை இமைக்கவே இல்லை.

வெயில் ஏறியதும் பொன்னழகி எழுந்தாள். முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். தென்னைக்கு மேலே போய், மலைப் பக்கமாக மறைந்தாள்.

"பாத்துட்டேன்" என்றாள் பெனிஷா.

கிணற்றடியில் குச்சியாக நின்ற கொடி அந்த மழையில் மூன்று தளிர் விட்டிருந்தது. போய்ப் பார்த்த பகவதி கூவினாள்: "பிள்ள, அதுக்குள்ள எவளோ வந்து முட்டை வச்சிட்டுப் போயிருக்கா! ஒண்ணே ஒண்ணு. கோயில் மதில்ல மறுபடியும் கொடி முளைச்சிருக்கு, அங்கேயும் முட்டை காணும். எடுத்துட்டு வரட்டா?"

"அது அங்கயே கிடக்கட்டு" என்றாள் பெனிஷா. "எனக்கு இந்த ஒண்ணு போதும்."

அம்மா ஆணியிலிருந்து நடு அடுக்கை எடுத்தாள். "அப்போ இதை நான் கழுவலாமில்லா?" என்றாள்.