தொட்டில் பலகையின் பின்பக்கம்

"என் பிள்ளைக்கு மட்டும் எழுத மனசு வரலையா அக்கா?"

காலைக் காப்பி இன்னும் அடுப்பிலிருந்து இறங்கவில்லை. அதற்குள் கொழுந்தன் மனைவி சின்னவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். தோளில் குழந்தை, கையில் தொட்டிலில் மாட்டுகிற சின்ன மரப் பலகை. அதன் முன்பக்கத்தில் ‘மாரா’ என்று அழகாகச் செதுக்கியிருந்தது. பின்பக்கம் மொட்டை.

பெரியவள் அடுப்பைத் தணித்தாள்.

அந்த வீட்டில் ஒரு பலகையின் பின்பக்கம் மொட்டையாக இருப்பது லேசுப்பட்ட விஷயமில்லை. கீழே கடை, மேலே வீடு. புதிதாகப் பிறந்த குழந்தைகளுக்குத் தொட்டில் பலகை செய்து கொடுப்பதுதான் பிழைப்பு. முன்னால் பெயர், பின்னால் அந்தப் பெயரின் பொருள். செதுக்குவது பெரியவளின் கணவன். பொருள் சொல்வது பெரியவள். அந்த ஊரில் பாதிப் பேர் எபிரேயப் பெயரை வைத்துக்கொண்டு, அது எபிரேயம் என்றே தெரியாமல் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுக்கு அவள் பொருள் சொல்கிற அழகைக் கேட்க வேண்டும். மைக்கேல் என்பது பெயரே இல்லை, ஒரு கேள்வி என்பாள்: ‘கடவுளைப் போல் யார்?’ ஈசாக் என்றால் சிரிப்பான். டேவிட் என்றால் அன்புக்குரியவன். ஆளைப் பார்த்தாலே பயம் வருகிற ஒரு லாரி டிரைவர், யோனா என்ற தன் பெயருக்குப் புறா என்று பொருள் கேட்டதும் கடை நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகம் பார்த்து இனிப்புத் தடவுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. லேயா என்று பெயர் கொண்ட ஒருத்தியிடம் ‘களைத்தவள்’ என்றே சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகளோடு நின்றபடி, "சரியாத்தான் வெச்சிருக்காங்க" என்று வயிறு குலுங்கச் சிரித்தாள்.

அந்த மொழியைக் கல்லூரியில் ஆசையாகப் படித்தவள் பெரியவள். மேலே ஆராய்ச்சிக்கு இடமும் கிடைத்தது. மாமனார் திடீரென்று போய்ச் சேர்ந்துவிட்டார், கொழுந்தன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம் அது. வந்த இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கடையைக் கையில் எடுத்தாள். ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. பிள்ளை பிறக்கவில்லை. அதையும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மற்றவர்கள்தான் சொன்னார்கள்.

"கேக்கறேன்ல... பதில் சொல்லுங்கக்கா."

"எழுதலம்மா. விடேன்."

"ஊர்ல இருக்கற பிள்ளைக்கெல்லாம் உக்காந்து எழுதறீங்க. இது நம்ம வீட்டுப் பிள்ளை."

சத்தம் கேட்டு மாமியார் வந்தார். அவர் பின்னாலேயே கொழுந்தன். மத்தியானம் பெயர் சூட்டுகிறார்கள். சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள், கேக்கின் மேல்கூடப் பெயர் எழுதி வந்தாயிற்று.

"இப்ப எழுதிக் குடு பெரியவளே," என்றார் மாமியார். "வர்றவங்க பலகையைத் திருப்பிப் பாப்பாங்க. இந்தக் கடைக்காரங்க வீட்லயே இப்படியான்னு கேப்பாங்க."

"என்னால முடியாது அத்தை."

"முடியாதா? ஏன்?"

பெரியவள் பலகையை ஒருமுறை பார்த்தாள்.

"எனக்கு மனசு வரல," என்றாள் கடைசியில்.

சின்னவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "கேட்டீங்களா அத்தை... அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க. இவங்ககிட்ட பிள்ளையைக் குடுக்க எனக்கு ஏன் பயமா இருக்குன்னு இப்பப் புரியுதா?"

இதற்கு மேல் ஒரு பெண்ணிடம் என்ன சொல்ல வேண்டும்? குழந்தை வீட்டுக்கு வந்ததிலிருந்து பெரியவள் தூக்கப் போனபோதெல்லாம், ‘பசிக்குது’, ‘தூங்கப் போறா’ என்று ஏதாவது ஒரு சாக்கு. அவளும் சரி சரி என்று கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு திரும்பிவிடுவாள். அந்தப் பிஞ்சை ஒருமுறை மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு இந்த வீட்டில் வேறு ஆசை பாக்கியில்லை. இனி அதுவும் இல்லை என்று ஆகிவிட்டது.

"எங்க அக்கா வீட்டுக்குக் கொஞ்ச நாள் போயிட்டு வரேன் அத்தை. விசேஷம் நல்லபடியா நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போனாள். யாரும் தடுக்கவில்லை.

அவள் பெட்டியில் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, கீழே கடையிலிருந்து அவள் கணவன் படியேறி வந்தான். கையெல்லாம் மரத்தூள். நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம் என்கிற ரகம். தம்பி விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த தூளைத் தட்டிவிட்டான்.

"அந்தப் பேருக்குக் கசப்புன்னு அர்த்தம்டா," என்றான்.

கொழுந்தன் பலகையை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"பின்னாடி என்ன செதுக்கணும்னு உன் அண்ணிகிட்ட கேட்டேன். அழுதா. நல்லதா ஏதாவது போட்டுடலாம்னேன். தொட்டில்ல பொய்யோடயா படுக்க வைக்கறதுன்னா. சரி, சொல்லிடலாம்னேன். அதுக்கும் விடல. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. சத்தியத்தை இப்ப மீறிட்டேன்."

கொழுந்தன் தலையில் கை வைத்துக்கொண்டான். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் அர்த்தம் சொல்கிற வீடு. அண்ணி அர்த்தம் பார்த்திருப்பார்கள் என்று இவன் நினைத்தான், இவன் அண்ணியிடம் கேட்டிருப்பான் என்று சின்னவள் நினைத்தாள். ஒருத்தரும் கேட்கவில்லை. பலகை செதுக்க வந்தபோதுதான் பெரியவளுக்கே பெயர் தெரியும்.

சின்னவள் குழந்தையோடு அறைக்குள் ஓடினாள்.

"ஏங்க்கா சொல்லல?"

பெரியவள் புடவையை மடித்துக்கொண்டே இருந்தாள். "ரெண்டு தடவை கலைஞ்சு போய், மூணாவதா இவளைச் சுமந்தப்ப நீ உங்க அம்மா வீட்ல படுக்கையை விட்டு எழுந்திரிக்கல. அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லித்தான் வயித்தைத் தடவிட்டு இருந்தேன்னு நேத்துதான் நீயே சொன்ன. அப்புறம் நான் எப்படிச் சொல்வேன்? சொன்னாலும், பிள்ளை இல்லாதவ வயித்தெரிச்சல்ல சொல்றான்னுதானே நினைப்ப."

"நினைச்சிருப்பேன்," என்றாள் சின்னவள். அழுகையில் முகம் கோணியது. "அத்தனை மாசமும் என் பிள்ளையைக் கசப்புன்னா கூப்பிட்டேன்?"

"இல்லடி. நீ ஆசையா கூப்பிட்ட. அவ காதுல விழுந்தது அந்த ஆசை மட்டும்தான். இஷ்டமிருந்தா அதையே வெச்சுக்கோ. கசப்பு பட்டவங்களும் அந்தப் பேரோட நல்லாத்தான் வாழ்ந்திருக்காங்க."

"வேண்டாம். நீங்க சொல்லுங்க."

"நான் வெக்க மாட்டேன். அர்த்தம் மட்டும் சொல்றேன், நீ எடுத்துக்கோ. ஹன்னான்னா அருள். தாமார்னா பேரீச்சை மரம். சூசன்னான்னா அல்லிப்பூ. தெபோரான்னா தேனீ. ஆனா அது கொட்டவும் கொட்டும்..."

"கொட்டட்டும்," என்றாள் சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எனக்குக் கொட்டத் தெரிஞ்ச பொண்ணு வேணும்க்கா. உங்களை மாதிரி எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு நிக்கற பொண்ணு வேண்டாம்."

வாசலில் நின்ற மாமியார் உள்ளே வந்து பெட்டியை மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளினார். வாழ்நாளில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டிராத மனுஷி. பெரியவளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "போகாதேம்மா," என்றார்.

சின்னவள் குழந்தையைப் பெரியவளின் மடியில் வைத்தாள். "முதல்ல நீங்க கூப்பிடுங்கக்கா."

பால் வாசனை வீசும் அந்தச் சின்னத் தலையை நோக்கிப் பெரியவள் குனிந்தாள். எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களுக்குச் சலிக்காமல் பொருள் சொன்னவளுக்கு இப்போது அழுகைதான் வந்தது. அழுகை அடங்கும்வரை மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

"தெபோரா," என்றாள்.

குழந்தை தூக்கத்திலேயே அவள் விரலைப் பிடித்துக்கொண்டது. சின்னவள் அதை விடுவிக்கப் போகவில்லை.